பதினொரு நாள் நிம்மதி

அக்காவின் இடது கெண்டைக்கால் வலதைவிடப் பெருத்திருப்பதை முதலில் பார்த்தவள் கொசுதான். அக்கா குளியலறைத் தரையில் குந்தி உட்கார்ந்து மகளின் சட்டைகளுக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். முழங்காலுக்குக் கீழே தோல் இழுத்துப் பிடித்து மினுமினுத்தது. தண்ணீர் ஊற்ற வந்த கொசுவின் கை பாதியிலேயே நின்றுவிட்டது.

"என்னடி பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? ஊத்து."

"கால் வீங்கியிருக்குக்கா."

"நாள் முழுக்க பெடல மிதிச்சா வீங்காம பின்ன பூவா பூக்கும்?"

கொசு என்பது தையல் ஃபேக்டரியில் வைத்த பெயர். வயது பதினேழு. தைத்து முடித்த சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரிப்பதுதான் வேலை. மெஷினுக்கும் மெஷினுக்கும் நடுவில் புகுந்து புகுந்து வருவாள், காதோரம் வந்து எதையாவது தொணதொணத்துக்கொண்டே இருப்பாள். அதே வரிசையில் அக்கா காலர் தைத்தாள். அம்மாவும் அப்பாவும் போனபின் கல்யாணம் செய்துகொண்டு வந்த அக்கா, பெட்டியோடு பெட்டியாக இவளையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள் என்று மாமா கேலி செய்வார். மாமா லாரி ஓட்டுபவர். மாதத்தில் இரண்டு முறை வீட்டுக்கு வருவார்.

அந்தக் கால் வீக்கம் கொசுவுக்குப் புதிதல்ல. இரண்டு வருடத்துக்கு முன்னால், குழந்தை பிறந்த ஆறாம் வாரம், இதே கால் இப்படித்தான் வீங்கியது. உள்ளே ரத்தம் உறைந்து குழாயை அடைத்துக்கொண்டிருந்தது. ஒரு வாரம் ஆஸ்பத்திரி, ஆறு மாதம் மருந்து. கடைசி நாளில் லேடி டாக்டர் அக்காவை உட்காரவைத்து நிறுத்தி நிதானமாகச் சொன்னார். இப்போதைக்கு இன்னொரு குழந்தை கூடாது, தாங்குவது கஷ்டம். கர்ப்பத்தடை மாத்திரையும் கூடாது, நாள் தள்ளிப்போடும் மாத்திரையும் கூடாது. ஹார்மோன் கலந்த அந்த மாதிரி எதுவும் இந்த உடம்புக்கு ஆகாது, மறுபடி ரத்தம் கட்டிக்கொள்ளும். ஹார்மோன் இல்லாத வழிகள் இருக்கின்றன: ஆணுறை, காப்பர்-டி, இல்லையென்றால் உன் புருஷனுக்குச் சின்னதாக ஒரு ஆபரேஷன்.

"அவர்கிட்ட சொன்னேன் டாக்டர்" என்றாள் அக்கா. "லாரிக்கு பிரேக் நான் போடுறேன், எனக்கு நீ பிரேக் போடாதன்னு சிரிச்சிட்டுப் போயிட்டார்."

கொஞ்ச காலம் ஆணுறையை நம்பி ஓட்டினார்கள். தேதி இரண்டு நாள் தள்ளினாலும் அக்காவுக்கு உயிர் போய் உயிர் வரும். அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாமல் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கடைசியில் மூன்று மாதத்துக்கு முன் காப்பர்-டி போட்டுக்கொண்டாள். அன்று இரவு குறட்டை விட்டுத் தூங்கினாள். "செம்பு ஒரு துண்டு உள்ள காவலுக்கு இருக்குடி, இனிமே எனக்கு என்ன?" என்று மறுநாள் காலையில் கொசுவின் கன்னத்தைக் கிள்ளினாள்.

காவல் சும்மா கிடைக்கவில்லை. மாதவிலக்கு வந்தால் வலியோடு மடை திறந்த மாதிரி வந்தது. ஆறு மாதம்வரை அப்படி இருக்கும், பிறகு குறையும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் ஃபேக்டரிக்கு ஆறு மாதம் பொறுமை கிடையாது.

வரிசைக்கு ஒரு சிவப்பு அட்டை. ஆணியில் தொங்கும். கழிவறைக்குப் போகிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகவேண்டும், அவள் திரும்பி வந்து மாட்டும்வரை மற்ற பத்தொன்பது பேரும் அடக்கிக்கொள்ளவேண்டும். மூன்றாவது மாதம் அக்காவுக்கு ரத்தப்போக்கு எட்டு நாளாகியும் நிற்கவில்லை. ஒரு ஷிஃப்டில் ஆறு முறை அட்டையை எடுத்தாள். காலர் வராமல் அடுத்த மெஷின்கள் காத்துக் கிடந்தன.

"அட்டையை நீ வாடகைக்கு எடுத்துட்டியா, இல்ல சொந்தமாவே வாங்கிட்டியா?" என்றாள் சூப்பர்வைசர் மேடம். கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்குவதால் முதுகுக்குப் பின்னால் அவள் பெயர் விசில். "ஷிப்மென்ட் முடியறவரைக்கும் பாப்பேன். அப்புறமும் இதே கதைன்னா வீட்லயே உக்காந்து நிம்மதியா போ."

வரிசை சிரித்தது. அக்காவும் சிரித்தாள், வேறு வழியில்லை. ரத்தம் கட்டிய கதையை அவள் ஃபேக்டரியில் மூச்சுவிடவில்லை. நோய்க்காரி என்று தெரிந்தால் மெஷினில் உட்காரவிடமாட்டார்கள்.

அன்று மாலை அக்கா கொசுவைத் தனியாக அழைத்து, ஹார்மோன் கூடாது என்று டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டைக் கையில் திணித்தாள். "எனக்கு ரெண்டு மணி நேரம் ஓவர்டைம். நீ மருந்துக் கடைக்குப் போ. இந்தச் சீட்டக் காட்டி, இந்த வலிக்கும் போக்குக்கும் எனக்கு ஒத்துக்கற மாத்திரை என்னன்னு கேளு. ஹார்மோன் இல்லையேன்னு ரெண்டு தடவை கேளு. புரிஞ்சுதா?"

புரிந்தது. ஆனால் மருந்துக் கடை இருபது நிமிட நடை. அங்கே இருப்பவர் ஆம்பளை. "போக்கு நிக்கல" என்று அவரிடம் எப்படிச் சொல்வது என்று நினைக்கும்போதே கொசுவுக்குக் காது சூடானது. ஃபேக்டரி வாசலில் விசில் நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் மாத்திரை இருப்பது எல்லோருக்கும் தெரியும். பட்டன் டப்பாவில் வைத்திருப்பாள், ஷிப்மென்ட் சமயத்தில் கேட்பவளுக்கெல்லாம் கொடுப்பாள்.

"மேடம், அக்காவுக்கு ரொம்ப வலி. போக்கும் நிக்கல."

"இத முன்னாடியே கேக்க என்ன கேடு?" விசில் டப்பாவைத் திறந்து வெள்ளை மாத்திரைகளை எண்ணி, துணி வெட்டும் மேஜையிலிருந்து கிழித்த, வெட்டுக்கோடு வரைந்த மார்க்கர் பேப்பரில் மடித்துக் கொடுத்தாள். "தினம் மூணு. வலியும் போகும், போக்கும் நிக்கும். தீந்தா வந்து கேளு."

மாத்திரை அடைத்து வரும் அட்டையும் இல்லை, பெயரும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் கொசு அவற்றை ஒரு பழைய மருந்துப் புட்டியில் போட்டாள். அக்கா கேட்டாள், "சீட்டக் காட்டினியா?"

"காட்டினேன்."

"ஹார்மோன் இல்லையே?"

"ரெண்டு தடவை கேட்டேன்க்கா. இல்லவே இல்லன்னார்."

பொய் அவ்வளவு சுலபமாக வரும் என்று அவளுக்கே தெரியாது. பொய் என்றுகூடத் தோன்றவில்லை. கடைக்காரர் சொன்னால் என்ன, மேடம் சொன்னால் என்ன, மாத்திரை மாத்திரைதானே.

மூன்றாம் நாள் போக்கு நின்றது. சிவப்பு அட்டை ஆணியிலேயே தொங்கியது. அக்கா காலரைத் தைத்துத் தள்ளினாள், பக்கத்து மெஷின்காரி திணறும் அளவுக்கு. வீட்டில் மகளைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு அடுப்படியில் ஆடினாள். "உடம்பு செம்போட சமாதானம் ஆயிடுச்சுடி. டாக்டரம்மா சொன்ன ஆறு மாசம் எனக்கு மூணு மாசத்துலயே முடிஞ்சுது பாரு."

நாலாம் நாள் மதியச் சாப்பாட்டில், பட்டன் தைப்பவள் ஒருத்தி டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னாள்: "விசில் மாத்திரையா? எனக்கு அதால ரெண்டு மாசமா வரவேயில்ல. என் புருஷன் ஸ்வீட் வாங்கிட்டு வந்துட்டான்."

பெண்கள் வெடித்துச் சிரித்தார்கள். கொசு மட்டும் கேட்டாள், "அது என்ன மாத்திரைக்கா?"

"நாள் தள்ளிப்போடறதுடி. ஹார்மோன். கல்யாணம் காட்சின்னா போட்டுக்குவாங்கல்ல, அது."

கொசு மீதிச் சோற்றைக் கொண்டுபோய்க் கொட்டினாள்.

அன்றே சொல்லியிருக்கவேண்டும். சொல்லத்தான் வீட்டுக்குப் போனாள். வாசலிலேயே அக்கா பிடித்துக்கொண்டாள்: "மேடம் இன்னைக்கு என்னைப் பாத்து சிரிச்சாங்கடி. நல்லா தைக்கிறேன்னாங்க." அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். மறுநாள், மாத்திரையை நிறுத்தினால் போக்கு திரும்ப வருமே, ஷிப்மென்ட் முடியட்டும் என்று நினைத்தாள். தினம் அக்கா "எங்கடி என் மாத்திரை?" என்று கை நீட்டுவாள். கொசு எடுத்துக் கொடுப்பாள். கொடுத்துவிட்டு அக்காவின் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பதினொன்றாம் நாள்தான் குளியலறையில் அந்த வீக்கத்தைப் பார்த்தது.

அப்போதே புட்டியில் மீதி இருந்ததைச் சாக்கடையில் கொட்டிவிட்டாள். "தீந்துபோச்சுக்கா, இனிமே வேண்டாம், அதான் சரியாயிடுச்சே" என்றாள். "காலை டாக்டர்கிட்ட காட்டுக்கா, கெஞ்சிக் கேட்டுக்கறேன்" என்றாள். மாத்திரை எங்கே வாங்கியது என்பதை மட்டும் சொல்லவில்லை.

"லீவு போட்டா இருக்கற நல்ல பேரும் போயிடும்" என்றாள் அக்கா. கொசு விடாமல் நச்சரித்ததால் மறுநாள் ஃபேக்டரியின் முதலுதவி அறைக்கு மட்டும் வந்தாள். ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஒரு நர்ஸ். நர்ஸ் காலை அமுக்கிப் பார்த்தாள். அக்கா வலியில் உதட்டைக் கடித்தாள்.

"ஹார்மோன் மாத்திரை ஏதாவது சாப்பிடுறியா? கர்ப்பத்தடை, நாள் தள்ளிப்போடறது, அந்த மாதிரி?"

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்கமாட்டேன். காப்பர்-டி போட்டிருக்கேன்."

"அப்ப பயப்பட ஒண்ணுமில்ல. நாளெல்லாம் உக்காந்தா சதை பிடிச்சுக்கும். கட்டு போட்டுவிடறேன்."

பழைய கதையை அக்கா சொல்லவில்லை, கதவருகே விசில் நின்றுகொண்டிருந்தாள். புதிய கதையைக் கொசுவும் சொல்லவில்லை, அதே காரணம்தான். சுருட்டிய துணிப்பட்டையின் ஒரு முனையைக் கொசு பிடித்துக்கொள்ள, நர்ஸ் மறுமுனையை அக்காவின் காலில் இறுக்கிச் சுற்றினாள்.

இரண்டு நாள் கழித்து, காலையில் ஃபேக்டரி மாடிப்படியில், பாதி ஏறியதும் அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மூச்சு... வரலடி" என்றாள். உதடு வெளுத்து நீலம் பாரித்திருந்தது. மேலே ஏறியவர்களும் கீழே இறங்கியவர்களும் அவளைச் சுற்றி நெரித்தார்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்த விசில்தான் அக்காவைத் தோளில் தாங்கி, கம்பெனி வேனில் ஏற்றி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

காலில் கட்டிய ரத்தம் பிய்ந்து நுரையீரலுக்குப் போய்விட்டது. உள்ளே ஊசியும் குழாயும் ஏற்றிக்கொண்டிருந்தபோது, வெளியே நடைபாதைப் பெஞ்சில் கொசு விசிலைப் பார்த்துக் கேட்டாள்: "அந்த மாத்திரையாலதானே மேடம்?"

"எந்த மாத்திரை?"

"நீங்க குடுத்தது. ஹார்மோன்."

"நானே அதைத்தான் போட்டுக்கறேன், எனக்கு என்ன ஆச்சு?" குரல் உயர்ந்தது, உடனே தணிந்தது. "ஏண்டி, இவளுக்கு ஏற்கெனவே ரத்தம் கட்டியிருக்காமே, டாக்டர் சொல்றாரு. வேலைக்குச் சேரும்போது சொன்னாளா? நீ மாத்திரை கேட்டப்ப சொன்னியா? வலின்னு வந்து நின்ன. நான் என்ன ஜோசியக்காரியா?"

விசில் நடைபாதையின் இரு பக்கமும் பார்த்தாள். பிறகு, "என் பேரை இழுக்காத. எனக்கும் ரெண்டு புள்ளைங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். போகும்போது கழுத்தில் தொங்கிய விசிலைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

நாலாம் நாள் அக்காவுக்கு மூச்சு ஓரளவு சமன்பட்டது. குழந்தை பக்கத்து வீட்டில். மாமாவின் லாரி எங்கேயோ எல்லையில் வரிசையில் நின்றது. பழைய லேடி டாக்டரே வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"டாக்டர், இத எடுத்துடுங்க" என்றாள் அக்கா. ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கி விலக்கிப் பேசினாள்.

"எதை?"

"காப்பர்-டிய. இதான் எனக்கு எமன். இது உள்ள போனப்பறம்தான் எல்லாம்."

"காப்பர்-டியால ரத்தம் கட்டாதும்மா. அதுல ஹார்மோன் கிடையாது. அதனாலதான உனக்கு அதைப் போட்டேன்."

"பின்ன எதனால வந்துச்சு? சொல்லுங்க. ஒரு தப்பு மாத்திரை நான் வாயில வச்சிருப்பேனா? வலி மாத்திரைக்கே சீட்டு குடுத்தனுப்பிக் கேட்டு வாங்கினவ நான்."

டாக்டர் கட்டிலில் தொங்கிய சீட்டை மறுபடி புரட்டிப் பார்த்தார். "உன் உடம்பு, உன் இஷ்டம். எடுத்துடலாம். ஆனா கேட்டுக்கோ. உனக்கு இப்ப ஒரு கர்ப்பம் தரிச்சா, இந்த முறை மாதிரி வேன்ல ஏத்திக்கொண்டு வர நேரம் இருக்குமான்னு தெரியாது. வேற வழி முடிவு பண்ணிட்டு எடுக்கலாமே?"

"வேற வழியெல்லாம் அவர் வந்தப்பறம் பாத்துக்கலாம். இது என் உள்ள இருக்கறவரைக்கும் எனக்குத் தூக்கம் வராது."

கொசு கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள். மாமா வந்தால் என்ன சொல்வார் என்பது அவளுக்குத் தெரியும். சிரிப்பார். பிறகு காலண்டர், மறுபடி தள்ளிப்போகும் தேதி, அடுப்பில் பொங்கும் பால். நர்ஸ் தட்டு வைத்த தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்து, கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரையை இழுத்தாள். "கூட இருக்கறவங்க வெளிய போங்க."

கொசு போகவில்லை.

"போடி, ரெண்டு நிமிஷம்தானாம்" என்றாள் அக்கா.

"அது காப்பர்-டி இல்லக்கா."

"என்ன?"

"வலி மாத்திரை நான் கடையில வாங்கல. விசில்கிட்ட வாங்கினேன். நாள் தள்ளிப்போடற மாத்திரை." மூச்சுவிடாமல் சொல்லிவிட்டாள். சொன்னபின் மூச்சு எங்கே போனது என்று தெரியவில்லை. "ஹார்மோன்க்கா."

நர்ஸின் கையில் கையுறை பாதி ஏறியபடி நின்றது. டாக்டர் மெல்லத் திரும்பிப் பார்த்தார். "தினம் எத்தனை?"

"மூணு."

"எத்தனை நாள்?" இதைக் கேட்டது அக்கா.

"பதினொண்ணு."

"தெரிஞ்சா குடுத்த?"

"மொத நாலு நாள் தெரியாதுக்கா. சத்தியமா."

"மிச்சம்?"

திரைக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். கொசு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அக்கா அறைவாள் என்று எதிர்பார்த்தாள். அறைந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். அக்காவின் கை போர்வை மேல் அசையாமல் கிடந்தது, ஊசி குத்திய இடத்தைச் சுற்றி ஊதா பூத்திருந்தது.

"அந்த பதினொரு நாளும் நான் எவ்வளவு நிம்மதியா இருந்தேன் தெரியுமா?" என்றாள் அக்கா. "கூடவே இருந்து பாத்தியேடி. நான் ஆடினப்ப நீயும் கை தட்டினியேடி."

கொசு அழுதாள். அழுவதற்குக்கூடத் தனக்கு உரிமை இல்லை என்பதுபோல் சத்தமில்லாமல் அழுதாள்.

டாக்டர் காத்திருந்தார். "இப்ப என்னம்மா பண்ணட்டும்? அவசரம் ஒண்ணுமில்ல. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், ரத்தத்தை இளக்கற மருந்து போடறதால, இது உள்ள இருந்தா போக்கு முன்னைவிட அதிகமா இருக்கும். அதுக்கு உனக்கு ஒத்துக்கற மருந்தா நானே பாத்துக் குடுக்கறேன். மாசாமாசம் என்கிட்ட வரணும்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். திரும்ப முகமூடியை மாட்டி, இரண்டு மூன்று முறை இழுத்து மூச்சு விட்டாள். பிறகு விலக்கினாள்.

"இருக்கட்டும் டாக்டர். அது என்ன பாவம் பண்ணுச்சு?"

நர்ஸ் கையுறையைக் கழற்றினாள். தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டது.

"இவள வெளிய அனுப்புங்க" என்றாள் அக்கா. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கொசு நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்தாள். உச்சி வெயில் கண்ணாடி வழியாக முழங்காலில் விழுந்தது. யார் யாரோ சாப்பாட்டுப் பைகளோடு போனார்கள், வந்தார்கள். வெகுநேரம் கழித்து வார்டு கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் வந்தாள், கையில் மருந்துச் சீட்டு. கொசு துள்ளி எழுந்து கையை நீட்டினாள்.

நர்ஸ் சீட்டைக் கொடுக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "மருந்து வாங்கணும். உன்கிட்ட குடுக்கவேண்டாம்னு சொல்றாங்க. வேற யாராவது இருக்காங்களாம்மா?"

நீட்டிய கையைக் கொசு மடக்கிக்கொண்டாள்.

"இல்ல சிஸ்டர்" என்றாள். "எங்க ரெண்டு பேருக்கும் வேற யாரும் இல்ல."